ஆள் இல்லாத வீட்டுக் கூரை

...சரி, சட்டம் பேசினது போதும். பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துருச்சு, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இப்ப ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. அங்க ஓரமா டீ குடிக்கிறவங்களும் கொஞ்சம் கிட்ட வாங்க. இது உங்க கதையும்தான்.

ஜவ்வாது மலையில நொச்சிப்பட்டுன்னு ஒரு ஊரு. ஊருன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. மலைச் சரிவுல, பலா மரத்துக்கும் புளிய மரத்துக்கும் அடியில கொஞ்சம் கூரை வீடு, அவ்வளவுதான். பஸ்சு போகாது. போன்ல டவர் கிடைக்காது. அந்த மலைய உடைச்சுக் கல்லு எடுக்கணும்னு ஒரு கம்பெனிக்கு ஆசை. ஆசை வந்தா என்ன பண்ணணும்? அங்க ஆளே இல்லன்னு முதல்ல காட்டணும். ஆள் இல்லன்னு காட்டிட்டா... கேக்க யாரு இருக்கா?

அதைக் காட்ட ஒருத்தர் வந்தாரு. சபரீஷ்னு பேரு, சர்வே பண்றவரு. கையில ஒரு ட்ரோன். கல்யாணத்துல நம்ம தலைக்கு மேல ஙொய்ய்ய்னு சுத்துமே, அதோட அண்ணன். ஊருக்குள்ள ஒரு எட்டு நடந்து போய்ப் பாத்திருக்கலாம். போகல! மலை ரோட்டுல ஜீப்ப நிறுத்தி, நிழல்ல நின்னு, ட்ரோன ஏத்தி விட்டாரு. ஸ்க்ரீன்ல பாக்குறாரு... பச்சை. பச்சை. எங்க பாத்தாலும் பச்சை. "சூப்பர், வெறும் காடு"ன்னு சொல்லி வாய மூடல... ஸ்க்ரீன் கறுப்பாயிருச்சு. ட்ரோன் போச்சு!

லட்சக்கணக்குல விலை. மெஷின் இல்லாம போனா வேலையும் போயிரும். என்ன பண்ணுவாரு? இறங்குனாரு காட்டுக்குள்ள. முள்ளு சட்டையக் கிழிக்குது, ஷூ வழுக்குது, தண்ணி பாட்டில் காலி. நாக்கு வறண்டு போய் ஒரு இடத்துல வந்து நிக்கிறாரு. பாத்தா... எதிர்ல ஒரு வீடு. வாசல்ல தீர்த்தம்மான்னு ஒரு அம்மா சாமை புடைச்சுக்கிட்டு இருக்காங்க.

"இன்னாத்த தேடுற சார்?"

"இங்க... மெஷின் ஒண்ணு விழுந்துச்சாம்மா? காட்டுல எங்கயோ விழுந்திருக்கும்."

"காட்டுல இன்னாத்துக்கு விழுது? என் கூரையப் பொத்துக்கிட்டு அடுப்பாண்ட விழுந்துச்சு. கொழம்பு மொத்தமும் கொட்டிப் போச்சு."

சிரிக்காதீங்க... சிரிக்காதீங்க. அந்தக் கொழம்பு அந்த அம்மாவோட மத்தியானச் சோறு.

சாருக்கு உயிரு வந்துருச்சு. "கொடுத்துருங்கம்மா!" அந்த அம்மா கேட்டாங்க, "அது இன்னாத்துக்கு மேல சுத்துது?" இவரு உளறிட்டாரு. "இங்க ஆளுங்க யாராச்சும் குடியிருக்காங்களான்னு பாக்கத்தாம்மா."

"இருக்காங்களா?"

"மேல இருந்து பாத்தா... மரம்தாம்மா தெரியுது. ஆள் இல்லாத இடம்னுதான் ரிப்போர்ட்டு."

தீர்த்தம்மா முறத்தக் கீழ வெச்சாங்க. எழுந்தாங்க. வீட்டுக்குள்ள போனாங்க. கதவச் சாத்துனாங்க. படார்!

"அம்மா! என் மெஷினு!"

உள்ள இருந்து குரல் வருது. "ஆள் இல்லாத எடத்துல யாருகிட்ட கேக்குற?"

சாருக்குக் கோவம் வந்துருச்சு. "நான் போலீசக் கூட்டிட்டு வருவேன்!"

"கூட்டியா! எந்த வீட்ல வெச்சிருக்காங்கன்னு போலீசு கேப்பான் இல்ல? இல்லாத வீட்லன்னு சொல்லு!"

எப்படி? எப்படிங்க இருக்கு? நம்மள்ல எத்தனை பேருக்கு இந்தப் பதில் அந்த நேரத்துல வாயில வந்திருக்கும்?

சத்தம் கேட்டு அக்கம் பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் அவங்கவங்க வாசலுக்கு வந்துட்டாங்க. சார் சுத்திப் பாக்குறாரு. ஒவ்வொரு மரத்துக்கு அடியிலயும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஆளு. குரல் இறங்கிருச்சு. "அம்மா... நான் என்னதான் பண்ணணும்?"

"ஒரு வீட்டுக்குப் போனா மனுசங்க எப்படிக் கூப்டுவாங்க? வாசல்ல நின்னு அப்படிக் கூப்புடு."

வெக்கமா இருக்கு அவருக்கு. முனகுறாரு. "வீட்ல... ஆள் இருக்கீங்களா?"

"காதுல விழல!"

"வீட்ல ஆள் இருக்கீங்களா?"

"ஊருக்கே கேக்கணும் சார்!"

தொண்டை கிழியக் கத்துனாரு. "வீட்ல ஆள் இருக்கீங்களாஆஆ!"

கதவு திறந்துச்சு. தீர்த்தம்மா சொன்னாங்க, "இருக்கோம்!" பக்கத்து வீட்ல, "இருக்கோம்!" மேட்டு வீட்ல, கிணத்தடியில, "இருக்கோம்! இருக்கோம்!" அப்புறம்தான் ட்ரோன் அவர் கைக்கு வந்துச்சு.

அவரு ரிப்போர்ட்டுல என்ன எழுதுனாருன்னு கேப்பீங்க. எனக்குத் தெரியாது. நொச்சிப்பட்டும் அந்த ரிப்போர்ட்ட நம்பி உக்காந்திருக்கல. அடுத்த தடவை கம்பெனி ஜீப்பு வந்தப்ப ரோட்டுக்குக் குறுக்க ஊரே நின்னுச்சு. ஜீப்பு திரும்பிப் போச்சு. இப்பவும் நிக்கிறாங்க. வந்தா நிப்பாங்க.

இந்தக் கதைய ஏன் இங்க வந்து சொல்றேன்? நம்மளக் காலி பண்ணச் சொல்றவங்க, ஆபீஸ் மூணாவது மாடியில உக்காந்து நம்ம குளக்கரைத் தெருவுக்குப் போட்ட ப்ளான நீங்க பாத்தீங்க இல்ல? நம்ம வீடுங்க இருக்குற இடத்துல என்ன எழுதியிருக்கு? 'காலி இடம்.' நம்ம பிள்ளைங்க பிறந்த வீடு... காலி இடம். நம்ம அப்பா அம்மாவத் தூக்கிட்டுப் போன வாசல்... காலி இடம். உயரத்துல நின்னு பாக்குறவனுக்கு நாம தெரிய மாட்டோம். தெரியலன்னா அது அவன் கண்ணுல இருக்குற கோளாறு. அதுக்கு நாம ஏன்யா வீட்டக் காலி பண்ணணும்?

நாளைக்கு நம்ம தெருவ அளந்து எல்லைக் கல்லு நட வர்றாங்களாம். வரட்டும். ஒருத்தரும் கல்லெறிய வேணாம், கெட்ட வார்த்தை பேச வேணாம். அவங்கவங்க வாசல்ல நில்லுங்க. ஒவ்வொரு வீட்லயும் நின்னு கூப்பிட்டுக் கேட்டுட்டுத்தான் அடுத்த அடி வைக்கணும்னு சொல்லுங்க. கேட்டா என்ன பதில் சொல்லணும்னு இப்பவே பழகிக்குவோம். எங்க... நான் கேக்குறேன். குளக்கரைத் தெருவுல ஆள் இருக்கா?

...இந்த 'இருக்கோம்' பத்தாது. அந்த ஆபீஸ் மூணாவது மாடி வரைக்கும் கேக்கணும்.

குளக்கரைத் தெருவுல ஆள் இருக்கா?