வீட்டில் உன்னை எதற்குக் கூப்பிடுவார்கள்?

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் பெரியம்மாவின் மகளே, ஆசிரியர்களே, மாணவ மாணவியரே! எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. பேச வேண்டியதை வரிசையாக எழுதிக்கொண்டுதான் வந்தேன். பாதியில் கை ஓடவில்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாணவர் சேர்க்கைக் குழுத் தலைவரான பேராசிரியர், நீங்களெல்லாம் பெரியம்மா என்று அழைத்த அம்மையார், இன்று நம்மோடு இல்லை என்கிறார்கள். எப்படி நம்புவது? செவ்வாய்க்கிழமை நேர்காணல் நடுவே எழுந்தார். "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் சார், அடுத்த பிள்ளையக் கூப்பிட்டு உட்கார வைங்க" என்றார். கூப்பிட்டு உட்கார வைத்தேன். அடுத்து வந்த அந்தப் பெண் நாற்காலி நுனியில் இருந்தாள். இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. பெரியம்மா கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி மேசையில் இருந்தது. அவர் வரவே இல்லையே!

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளிடம் என்ன இல்லை என்று சொல்ல நம் எல்லோருக்கும் தெரியும். என்ன இருக்கிறது என்று நம்மில் யார் கேட்டோம்? பெரியம்மா கேட்டார். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்விதான்: "வீட்டுல என்ன சிக்கல் வந்தா உன்னை முதல்ல கூப்பிடுவாங்க?"

ஒரு பெண், மருத்துவர் சொல்வதைக் காது கேளாத அம்மாவுக்குக் கைஜாடையில் விளக்குவதாகச் சொன்னாள். இன்று முதலாண்டு மாணவர்கள் கணக்கு புரியவில்லை என்றால் என்னிடம் வருவதில்லை, அவளிடம்தான் போகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்றால் பொய்.

அதே கேள்விக்கு ஒரு பையன், "யாரும் கூப்பிட மாட்டாங்க மேடம், நானே போயிடுவேன்" என்றான். விடுதியில் எவன் வகுப்புக்கு வரவில்லையோ அவன் அறைக்கதவைத் தட்டிக் கிளப்பிக்கொண்டு வருவது பிறகு இவன் வேலையாயிற்று. அந்த வகுப்பில் ஒருவர்கூடப் படிப்பை விடவில்லை. பொறுப்பும், பிறர் முகம் பார்த்து நிலைமை அறிவதும், கூப்பிடாமலே போய் உதவுவதும் படிப்புக்கு ஆகாதவையா?

நான் புள்ளியியல்காரன். இதற்கெல்லாம் எப்படி மதிப்பெண் போடுவது என்று ஒவ்வோர் ஆண்டும் நச்சரித்தேன். "நீங்க நிதானமா அளவுகோலத் தேடுங்க சார். அதுக்குள்ள நான் பிள்ளைங்களச் சேர்த்துடறேன்" என்பார். அந்த அளவுகோல் இன்னும் அகப்படவில்லை. பிள்ளைகள் இதோ, இந்த அரங்கம் நிறைய இருக்கிறார்கள்.

இன்று காலை, மீதிப் பேரை நேர்காணல் இல்லாமல் மதிப்பெண் வரிசைப்படியே சேர்த்து முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. முடிவு இன்னும் ஆகவில்லை. துணைவேந்தர் அவர்களே, எதிர்த்துப் பேசி எனக்கு வழக்கமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்: திங்கட்கிழமை அந்த நேர்காணல் அறை திறக்கட்டும். பெரியம்மாவின் நாற்காலியில் உட்கார எனக்குத் துணிவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்தே அவர் கேள்வியைக் கேட்கிறேன். அவரைப் போலக் கேட்க வராது. பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருக்க மட்டும் என்னால் முடியும்.

செவ்வாய்க்கிழமை வந்த அந்தப் பெண்ணை உட்கார வைக்கச் சொன்னவர் பெரியம்மா. எழுந்து போ என்று சொல்லும் உரிமை நம்மில் யாருக்கும் இல்லை.