ஒன்பதாவது வேலை

டீ போடுவதற்கு ஒன்பது வேலை செய்ய வேண்டும் என்பது எழுபத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. பயிற்சி கொடுக்க வந்த அம்மாதான் ஓர் அட்டையில் வரிசையாக எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினார். ஒன்று, பாத்திரத்தை எடு. இரண்டு, தண்ணீர் ஊற்று. இப்படியே போய் ஒன்பதாவது: அடுப்பை அணை, நோட்டில் டிக் போடு. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அட்டை இல்லாமலே இத்தனை வருடம் டீ குடித்திருக்கிறேன். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அட்டை என் மகனுக்கு. ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு ஓட்டிய புத்திசாலி. லாரி மோதியதில் கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை. இவன் பத்தொன்பது நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது இடது கை சொன்னபடி கேட்கவில்லை, வெளிச்சம் கூசியது, வார்த்தை வரவில்லை. சீப்பைக் காட்டி, "தலைக்குப் போடுற கரண்டி" என்றான். மூக்கும் செத்துப்போயிருந்தது, சோப்புக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாது. மற்றதெல்லாம் தேறும், மோப்பம் மட்டும் திரும்புவது சந்தேகம் என்றார் டாக்டர். மூளைப் படத்தில் கறுப்பாக எதையோ காட்டினார். நானும் தலையாட்டினேன். ஆட்டாவிட்டால் விடமாட்டார்கள்.

இதில் உன் பங்கு என்ன என்கிறீர்கள். வருகிறேன்.

அடிபடுவதற்கு முன்னால் அவன் என்னிடம் மணிகூடக் கேட்டதில்லை. மருமகளோடு தனிக்குடித்தனம் போக ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நாளைக்கு நாற்பது தடவை, "அப்பா, சாவி எங்கப்பா?" "அப்பா, இன்னிக்கு என்ன கிழமை?" நான் சொல்வேன். "நீங்க இல்லன்னா நான் என்னப்பா பண்ணுவேன்" என்பான். முப்பத்தைந்து வயது மகன் தகப்பனிடம் அப்படிச் சொல்ல ஒரு லாரி தேவைப்பட்டது.

ஆனால் பயிற்சி அம்மா லேசுப்பட்டவர் இல்லை. ஏழே மாதம். சாவியை ஆணியிலேயே மாட்டினான், கிழமையைத் தானே சொன்னான், ஒன்பது வேலையையும் முடித்து டிக் போட்டான். ஒருநாள் எனக்கே டீ கொண்டுவந்து கொடுத்தான். நன்றாக வேறு இருந்தது.

மருமகள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். "மாமா, அந்த வீடு இன்னும் காலியாத்தான் இருக்காம். அடுத்த மாசம் போயிடலாம்னு இருக்கோம். ஞாயித்துக்கிழமையானா உங்களைப் பாக்க வந்துடுவோம்."

மிருகக்காட்சி சாலைக்கும் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் போகிறார்கள்.

மறுநாள் ஆணியிலிருந்த சாவியை எடுத்து அவன் செருப்புக்குள் போட்டேன். அவ்வளவுதான். அதற்கு எந்தச் சட்டம் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் தேடிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதான். நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். "விடுடா, மெதுவா சரியாயிடும்" என்று முதுகைத் தடவினேன். அடுத்து குளியலறைக் குழாய். நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்தவன் நான். எதை எவ்வளவு திருப்பினால் எவ்வளவு போகும் என்று விரலுக்குத் தெரியும். படுக்கையறை வரை தண்ணீர். மருமகள் பயந்துபோய் வீடு மாறுவதைத் தள்ளிவைத்தாள். ஒரு மாதம்தான் தள்ளினாள்.

அதனால் அடுப்பு.

கவனமாகத்தான் செய்தேன். அவன் டீ போட்டு, அணைத்து, டிக் போட்டுவிட்டு உள்ளறையில் போய்ப் படுப்பான். மருமகள் வேலையிலிருந்து வரும் நேரம் பார்த்துத் கேஸ் அடுப்பின் திருகைக் கால்வாசி திருப்புவேன். அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று சமையலறை ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். இவ்வளவு யோசிக்கிற தகப்பன் எத்தனை பேர்? அவள் வருவாள், வாடை பிடிப்பாள், கத்துவாள். இரண்டு தடவை அப்படித்தான் நடந்தது. "இனிமே ரெண்டு டிக் போடுங்க" என்றாள் அவனிடம். போட்டான். மூன்றாவது தடவை அவள் நேராக உள்ளே போய் லைட்டரை அழுத்திவிட்டாள்.

இரண்டு கையும் ஒரு கன்னமும் வெந்துவிட்டன. விரல் மடங்குமா என்று கட்டுப் பிரித்தால்தான் தெரியுமாம்.

என் மகனை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். முதலில் சிலிண்டரை மூடினான். பிறகு அவள்மேல் ஈரப் போர்வை. பிறகு போன். வரிசை தவறவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். சீப்புக்குப் பெயர் தெரியாமல் இருந்த பயல்.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்ததும் அவனே முந்திக்கொண்டான். "நான்தான் சார். நோட்டுல ரெண்டு டிக் இருக்கு. ஆனா அணைக்காம விட்டிருக்கேன். என் கையை என்னாலயே நம்ப முடியல." மூளையில் அடிபட்டவர்களை வைத்துப் பார்க்கும் விடுதியில் சேரக் கையெழுத்தும் போட்டுவிட்டான். நாளைக் காலை வண்டி வருகிறது. போகாதே என்றேன். "அவளை இன்னொரு தடவை எரிச்சிடுவேன்ப்பா" என்றான்.

அதனால்தான் வந்தேன். 'நோயாளியின் மறதி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். அவன் எதையும் மறக்கவில்லை. இரண்டு டிக்கும் சரியான டிக்தான்.

மருமகளுக்கு அன்று கடுமையான ஜலதோஷம். எதுவுமே மணக்கவில்லை என்று காலையில் சொன்னாள். மாத்திரை வாங்கி வந்து கொடுத்தது நான்தான். திருகைத் திருப்பும்போது அது ஞாபகம் இருந்ததா என்று இத்தோடு மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இருந்தது. என் தலையில் அடி எதுவும் படவில்லையே.

எழுதியாயிற்றா? கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன். அந்த வண்டியை வரவேண்டாம் என்று சொல்லி, அவனை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். தனியாக விடக்கூடிய பிள்ளை இல்லை அவன். பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.