அணில் முத்திரை

காலையில் காபி போடுவது எப்போதும் நான்தான். எழுந்ததும் வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்துவந்து, டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் பல் தேய்த்துவிடுவேன். இரண்டு டம்ளர். இப்போதும் இரண்டுதான் போடுகிறேன். ஒன்றைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறேன். கைப்பழக்கம். வருத்தம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

நான் எம்.எஸ்சி. வேதியியல். செங்கம் சாலையில், ஆசிரமம் தாண்டி என் கடை. பழைய பாக்கெட் வாட்ச் வாங்குவேன், விற்பேன், அதன் வெளிக்கூட்டுக்குத் தங்க முலாம் பூசித் தருவேன். இந்த ஊரில் மஞ்சளாக இருந்தால் தங்கம். கூட்டுக்குள் முத்திரை எங்கே இருக்கும், செய்தவன் யார், எத்தனை காரட் என்று பார்க்க ஒருவனுக்கும் தெரியாது. ‘இருபது வருஷ உத்தரவாதம்’ என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால், மேலே ஒட்டிய தங்கத் தகடு அத்தனை வருஷம் தேயாது என்று அர்த்தம். அசல் தங்கத்துக்கு எவனும் உத்தரவாதம் அடிக்க மாட்டான். இதைப் பொறுமையாகச் சொல்லி முடித்தால், அப்போ இருபது வருஷம் ஓடுமா என்று கேட்பார்கள். இவர்கள் நடுவில்தான் நான் தொழில் செய்தேன்.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது வழக்கம். என் மாமனார் இராமலிங்கம் கிராமத்தில் நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிர் வைப்பவர். தன் தாத்தா காலத்துப் பாக்கெட் வாட்ச்சைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேடையில் என் கையில் வைத்தார்.

“தங்கம் மாப்பிள. அசல்.”

பின்மூடியைத் திறந்தேன். உள்ளே இன்னொரு மூடி. அதில் ‘மெட்டல்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

“தகரம்னு செஞ்சவனே எழுதி வச்சிருக்கான் மாமா. பரவால்ல, மணி காட்டுனா போதும்.”

மண்டபமே சிரித்தது. மாமனாரும் சிரித்தார். அவருக்கு வேறென்ன தெரியும். அன்றிலிருந்து ஊரில் என் சொல்லுக்கு மதிப்பு ஜாஸ்தி.

பக்கத்தில் மாலையோடு நின்ற கீர்த்தனா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் ஒருநாள் கடையில் என் லென்ஸை எடுத்து அந்த வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, தோ பாருங்க. வெளிமூடிக்கு உள்பக்கம் துளியூண்டு அணில் இருக்குது.”

“அழுக்கு.”

“அழுக்குக்கு வால் இருக்குமா?”

அப்போது கடையில் சுவிட்சர்லாந்துக்காரி ஒருத்தி இருந்தாள். வருஷாவருஷம் ஆசிரமத்துக்கு வருகிறவள். அவள் அப்பா வாட்ச் வியாபாரியாம். கீர்த்தனா அவளிடம் வாட்ச்சை நீட்டினாள். அணில் என்றால் பதினாலு காரட், எங்கள் நாட்டு முத்திரை என்றாள் அவள். உள்மூடியை மட்டும் மட்டமான உலோகத்தில் செய்வார்கள். அதில் உள்ள எழுத்து அந்த மூடியை மட்டும்தான் குறிக்கும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினாள். எனக்கு. என் கடையில்.

கீர்த்தனா என் தோளில் தட்டினாள். “மெத்தப் படிச்சவரு உள்மூடியோட நிறுத்திட்டீங்க. ஞாயித்துக்கிழம ஊருக்குப் போறமே, அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. பாவம், அன்னிக்கிலருந்து அவரு எந்தக் கல்யாணத்துக்கும் போறதில்ல.”

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருந்தது. முலாம் வேலைக்கான விஷம் கடையில் எப்போதும் இருக்கும்.

அன்று நீங்கள் விசாரித்தபோது, “எங்கப்பா என்னை ஏமாத்திட்டாரு” என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்றேன். தகர வாட்ச் அவமானத்தில் அவளே குடித்துவிட்டாள் என்று எழுதிக்கொண்டீர்கள். மேசைமேல் இருந்த வாட்ச்சை நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. மாமனார் அந்த வார்த்தையைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். காரியம் முடிந்ததும் வாட்ச்சைக் கேட்டார். கொடுக்காவிட்டால் தகரத்துக்கு ஏன் இந்தப் பிடி என்பார்கள். கொடுத்தேன். அவர் அதை அண்ணாமலையார் உண்டியலில் போட்டுவிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. தகரத்தைச் சாமிக்குப் போடும் ஆள் என்று அவரை நினைத்ததில்லை.

பௌர்ணமி கழித்து உண்டியல் திறந்தார்கள். நகை மதிப்பிட வந்த பலராமன் கல்லில் உரசிப் பார்த்துவிட்டு டீக்கடையில் சொன்னாராம்: “பதினாலு காரட்டுப்பா. அந்த எம்.எஸ்சி. இதயா தகரம்னான்?”

கடையில் எல்லாரும் சிரித்தார்களாம். தங்கம் என்றால் அவள் ஏன் சாக வேண்டும் என்று உங்களுக்கும் இப்போதுதான் தோன்றியிருக்கிறது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டனுப்பினீர்கள்.

ஆகவே சொல்கிறேன். எனக்கு மேடையிலேயே தெரியும். அணிலை அன்றைக்கே பார்த்துவிட்டேன். மாமனாருக்குக் கர்வம் கூடாது என்றுதான் சொல்லவில்லை. இதை முதலில் எழுதுங்கள். முத்திரை படிக்கத் தெரியாதவன் என்று பலராமன் சொல்லித் திரியக் கூடாது. காபியில் கலந்தது நான் என்பதை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.

அவள் கடைசியாக உண்மையில் என்ன சொன்னாள் என்றும் கேட்டீர்கள். அவள் பாதி டம்ளர் குடித்திருந்தாள். என்னுடையதை நான் தொடவில்லை. கையை நீட்டி அதை என்னிடமிருந்து தள்ளிவைத்தாள்.

“பால் கெட்டுப்போச்சு போலருக்குங்க. நீங்க குடிக்காதீங்க.”