மார்க்கெட் லைன்

– மாப்ள, மறுபடியும் மார்க்கெட் லைனையா எறக்குன? காலையிலதான அவங்களுக்குக் கரண்ட் போயிட்டு வந்துச்சு.

– ஆமாண்ணே.

– இப்ப உன் தெருவுக்குல்ல முறை.

– மேல இருந்து லோடைக் கொறைன்னாங்க, கொறைச்சாச்சு. எந்தத் தெருன்னு கேட்டாங்களா?

– ஊருக்குக் கண்ணு இருக்குப்பா. நாளைக்குக் கேள்வி வந்தா, ஷிப்டுல இருந்த நானும்தான் பதில் சொல்லணும்.

– எங்கப்பா ஆக்சிஜன் மெஷின் வச்சுத்தாண்ணே மூச்சு விடுறாரு. நேத்து வரைக்கும் கொஞ்ச நேரக் கரண்ட் கட்டு, சின்ன சிலிண்டரை வச்சு ஓட்டிட்டோம். இன்னைலேர்ந்து நீளக் கட்டு. யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி அந்த சிலிண்டர் எந்த மூலைக்கு?

– சரி விடு. நான் என்ன கல்லா? வீட்டுல தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா, உன் தெருவுக்குப் போகாதுன்னு?

– நீங்க வேற. அவகிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள தெருவே என்னை வந்து கும்பிடும். ‘பாத்துக்கலாம்’னு மட்டும் சொன்னேன்.

– என் பொண்ணு சொல்றா, இந்த லோடு ஷெட்டிங்ல வர்ற ‘ஷெட்டிங்’கிற வார்த்தை மரம் இலை உதிர்க்கிறதுக்கும் உண்டாம், பாம்பு சட்டை உரிக்கிறதுக்கும் உண்டாம். என் மண்டையைக் காட்டி, ‘அப்பா, இதுக்கும் அதேதான்’ங்கறா. கொழுப்பு.

– வேணாங்கறத உதறுறது. அவ்வளவுதாண்ணே.

– மார்க்கெட்ல இருக்கிறவங்க வேணாதவங்களா?

– நான் அப்படிச் சொல்லல.

– இந்தா, ஆபீஸ் போன் மறுபடி அடிக்குது.

– எடுக்காதீங்க. மார்க்கெட்காரங்களாத்தான் இருக்கும். எடுத்தா வண்டி வண்டியாத் திட்டுவாங்க.

– விடாம அடிக்குதேப்பா. மனசு கேக்கல.

– அடிச்சு ஓயட்டும்ணே.

– ம். ஓஞ்சிடுச்சு. இப்ப உன் செல்லு அடிக்குது பாரு.

– வீட்டுலேர்ந்து. சொல்லும்மா.

– ஏங்க, நம்ம தெருவுல கரண்ட் போகவே இல்லையே.

– அதான் பாத்துக்கலாம்னு சொன்னேன்ல.

– உங்க ‘பாத்துக்கலாம்’ எனக்குத் தெரியாதா? குழாய் ஒழுகுறதையும் அப்படித்தான் வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கீங்க. போகாதுன்னு வாயத் திறந்து சொல்லியிருந்தா, நான் இவ்வளவு பாடு பட்டிருக்க வேணாம்.

– என்ன பாடு? அப்பா தூங்குறாரா?

– கத்த மாட்டேன்னு சொல்லுங்க, சொல்றேன்.

– அப்பா எங்க?

– உங்க அக்கா வீட்டுல.

– மார்க்கெட்டுக்குப் பின்னாடியா?

– நீங்க அக்கா தம்பி பேசாம இருக்கலாங்க, மாமாவுக்கு அவங்க மகதான? காலையிலயே அங்க கட்டு முடிஞ்சிடுச்சு, இனிமே ராத்திரி வரைக்கும் போகாதுன்னு முறை போட்டிருக்கு. நான்தான் கூப்பிட்டுக் கேட்டேன். உடனே ஆட்டோ எடுத்துட்டு வந்துட்டாங்க. மாமாவைப் பாத்து அப்படி அழுதாங்க.

– அண்ணே, மார்க்கெட் லைனைப் போடுங்க. கேள்வி கேக்காதீங்க, போடுங்க.

– போட்டுட்டேன் மாப்ள. என்னடா? என்ன ஆச்சு?

– ஏய், சிலிண்டர் எங்க?

– இங்கதான் கெடக்கு. மெஷினை ஏத்துனதுமே ஆட்டோ ரொம்பிடுச்சு. அதான் கரண்ட் போகாதேன்னு விட்டுட்டோம். பொய் சொல்வானேன், அவர் போனதும் ஒரு பாரத்தை எறக்கி வச்ச மாதிரிதான் இருந்துச்சு. தலைக்குக் குளிச்சேன், சூடா ஒரு வாய் தின்னேன். தப்பாங்க?

– நீ போனை வை. நான் அக்காவைக் கூப்பிடணும்.

– அவங்க நம்பரைத்தான் செல்லுல தடுத்து வச்சிருக்கீங்களே, அந்தக் கோவத்துல. அதனாலதான், கரண்ட் கிரண்ட் போச்சுன்னா உங்க ஆபீஸ் போனுக்கு விடாம அடிங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அங்க யாராவது எடுப்பீங்கதான?