டாக்டர் கேட்ட நாடு

லிந்துலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவளுடைய அப்பாவை ஹட்டன் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

“நாடு எதுன்னு கேட்டா அவரு என்னாங்க சொல்லுவாரு?” என்றாள் அவள்.

“வயசானவங்க மூளைய ஆராய்ச்சி பண்ற டாக்டரு. அப்படித்தான் கேட்பாரு. ‘அது இன்னும் முடிவாகலைங்க’ன்னா சொல்றது? ஞாபகம் போயிருச்சுன்னு எழுதிக்கிட்டாரு.”

“ஞாபகம் போனவருக்கா இலங்கைப் பிரஜாவுரிமை கேட்ட மனுவைத் தள்ளுனது ஞாபகம் இருக்கும்?”

“நாளைக்கும் இதையே சொன்னா கொழும்புப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க, புள்ள.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னா சொன்னா வீட்டுக்கு விடுவாங்க?”

“இலங்கைன்னு சொல்லட்டும்.”

“பொய் சொல்றாருன்னு புடிச்சுக்கிட்டா?”

“அப்ப இந்தியான்னு சொல்லட்டும்.”

“அவரு பொறந்தது இங்க டயகம தோட்டத்துல. இந்தியாவைக் கண்ணால பார்த்ததே இல்லையே.”

கணவர் பஸ் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

“உங்களக் கேட்டா நீங்க என்னா சொல்லுவீங்க?” என்று அவள் விடாமல் கேட்டாள்.

“என்னைய எதுக்குக் கேட்கப்போறாங்க? எனக்கு மூளை நல்லாத்தானே இருக்கு?”