நிலுவை எதுவும் இல்லை

“என் கார் கண்ணாடியில மூக்க ஒட்டி வெச்சு உள்ள என்னத்தப் பாத்தீங்க, அதச் சொல்லுங்க முதல்ல.”

இப்படிக் கேட்டவர் எங்கள் குடியிருப்பின் டிரைவிங் மாஸ்டர். கேட்ட இடம் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்கூட்டம். கேட்கப்பட்டவள் சங்கச் செயலாளராகிய நான். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிய கூட்டம் என்றால் ஆறு பேர் வருவார்கள். அன்றைக்கு முப்பது பிளாஸ்டிக் நாற்காலியும் நிறைந்து, ஜன்னல் கட்டையிலும் ஆள் உட்கார்ந்திருந்தது.

“மூக்குத் தடம் அப்படியே இருக்கு. தொடைக்காம வெச்சிருக்கேன். யாருக்காவது பாக்கணும்னா கீழ வாங்க” என்றும் சொன்னார். இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அளவு சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஐயா, நீங்கள் கார் கம்பெனியின் விசாரணை அதிகாரி. நடந்ததைச் சுருக்கமாக எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக எழுதினால் என்னைத் தப்பாக நினைக்க இடமிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாம் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. விற்ற பிறகு ஒரு காரில் குறை தெரியவந்தால், கம்பெனியே அதைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருகிறது. சேசிஸ் நம்பர் பதினேழு எழுத்தையும் உங்கள் இணையப் பக்கத்தில் போட்டால், நம் காருக்கு அப்படி ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று சொல்லிவிடும். ஒரு நிமிட வேலை. ஆனால் நம் ஜனங்கள் பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று பார்ப்பார்களே தவிர இதைப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் இருபத்துநான்கு வீட்டில் ஒருவர் தவிர எல்லார் வண்டியின் விவரமும் என்னிடம் உள்ள வண்டிப் பதிவேட்டில் இருக்கிறது. ஒரு மதியம் எல்லா நம்பரையும் அந்தந்தக் கம்பெனியின் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் தொடர்பு எண் என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்பாவிட்டால் பக்கம் நகராது. எல்லாவற்றுக்கும் என் நம்பரையே போட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கார் மாட்டியது. மருந்துக்கடைக்காரர் காரின் காற்றுப்பை விரிய வேண்டிய நேரத்தில் சும்மா இருக்குமாம், சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் விரியுமாம். அவருடைய மாப்பிள்ளையும் அப்படித்தான், அதனால் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்றாம் மாடித் தையல்காரம்மா காருக்கு சீட் பெல்ட். இரண்டும் ஒரே வாரத்தில் சரியாயின. லிஃப்டில் எனக்கு வழிவிட ஆரம்பித்தார்கள். பதினோரு வருடம் செயலாளராக இருந்து கிடைக்காத மரியாதை அது.

டிரைவிங் மாஸ்டர் மட்டும் பதிவேட்டுக்கு வண்டிப் புத்தகத்தின் நகல் கொடுக்கவே இல்லை. கேட்டால், “தர்றேங்க்கா, தர்றேங்க்கா” என்பார். எனக்கு அவரைவிட இரண்டு வயது குறைவு. அதைச் சொல்லியும் பார்த்தேன். “மரியாதைக்குத்தாங்க்கா” என்றார்.

சேசிஸ் நம்பர் முன்கண்ணாடியின் அடியில் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். பனி இறங்கிய கண்ணாடியில் அதைப் படிக்க வேண்டுமென்றால் மூக்கு படத்தான் செய்யும். உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டேன். நிமிரும்போது ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கூந்தல் கிளிப் கண்ணில் பட்டது. பழுப்பு நிறம், மூன்று முத்துக்கு இடம், ஒரு முத்து இல்லை. எங்கள் குடியிருப்பில் அந்தக் கிளிப் ஒரே ஒரு தலையில்தான் இருக்கும். அது இரண்டாம் மாடிப் பாட்டு டீச்சரின் தலை.

டீச்சர் மாஸ்டரிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். பழகுகிறவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் அது பாடம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் அதற்கு வேறு பெயர். இதை நான் ஊரெல்லாம் சொல்லவில்லை. நான்கு வீட்டில்தான் சொன்னேன்.

அதன் பலன்தான் அந்தக் கூட்டம். மாஸ்டர் தொண்டை கிழியக் கத்திய பிறகு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மற்றவர் வண்டியின் நிலை, உள்ளிருக்கும் பொருட்கள், அதில் பயணம் செய்பவர் ஆகியவை குறித்துச் செயலாளர் உரிமையாளரிடமோ பிறரிடமோ வாய்திறக்கக் கூடாது. ஆதரவு இருபத்திரண்டு. பாட்டு டீச்சர் இரண்டு கையையும் தூக்கினார், நான் ஒன்றாகத்தான் எண்ணினேன். தீர்மானத்தை என் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டேன். நகல் இணைத்திருக்கிறேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்வீர்கள்.

வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன்; உள்ளங்கையில் குறித்ததை அன்றே அவருக்கான பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். எழுதியதை வீணாக்குவானேன் என்று நம்பரைப் போட்டேன்.

சிவப்பு எழுத்தில் வந்தது. பானெட் கொக்கியில் குறை. ஓடும்போது பானெட் தானாகத் திறந்து ஓட்டுநரின் பார்வையை முழுவதும் மறைக்கலாம். உடனே சர்வீஸ் சென்டரை அணுகவும்.

ஐயா, நான் செருப்பு மாட்டினேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். படியில் பாதி தூரம் இறங்கியும் போனேன். மாஸ்டரின் பயிற்சிப் பள்ளி தரைத்தளத்தில் சங்கம் வாடகைக்கு விட்ட ஒரு அறை. அங்கிருந்து பாட்டு டீச்சரின் சிரிப்பு கேட்டது. நன்றாகப் பாடுகிறவர்களின் சிரிப்பு சுருதி சேர்ந்துதான் வரும் என்பதில்லை. நான் அங்கேயே நின்று தீர்மானத்தை நினைத்துப் பார்த்தேன். உரிமையாளரிடமோ பிறரிடமோ. ஒரு சங்கத்தின் செயலாளரே தீர்மானத்தை மீறினால் மற்றவர்கள் தண்ணீரை எப்படிச் சிக்கனமாகப் பிடிப்பார்கள்? திரும்பி மேலே வந்துவிட்டேன்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடம் தொடங்கும் முன் மாணவரை வண்டியைச் சுற்றி ஒரு நடை நடக்கவைத்து, டயர், விளக்கு, கண்ணாடி எல்லாம் பார்க்கச் சொல்வார். முடிந்ததும் பானெட்டில் கையால் இரண்டு தட்டு தட்டி, “கிளம்பலாம்” என்பார். இருபது வருடமாக அப்படித்தான். காலை ஆறு மணிக்கு அந்த இரண்டு தட்டில்தான் நான் கண்விழிப்பேன். இப்போது தட்டும் போதெல்லாம், அந்தக் கொக்கிக்கு இன்றைக்கும் இரண்டு என்று கணக்கு வைக்க ஆரம்பித்தேன். வேறென்ன செய்வது, வாய்தான் திறக்கக் கூடாது, எண்ணக் கூடாது என்று தீர்மானத்தில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மாஸ்டர் பேருக்கு உங்கள் பதிவுத் தபால் வந்தது. மாஸ்டர் பாடத்தில் இருந்தார். எல்லாருடைய தபாலையும் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குவேன், தபால்காரருக்கு அது வசதி. அதை நான் கிழிக்கவில்லை. பிரிக்கவும் இல்லை. உறையின் ஒட்டு சரியில்லை, கொஞ்சம் ஆவி பட்டதும் தானாக விட்டுவிட்டது. பானெட் கொக்கி பற்றிய அறிவிப்பு என்று எழுதியிருந்தது. காருக்கு வேலை பாக்கி என்று சொல்லும் கடிதத்தை நீட்டினால் அது காரைப் பற்றி வாய்திறந்ததற்குச் சமம்தானே. பதிவேட்டில் அவருக்கான பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, கசங்காமல்.

அதற்குள் டீச்சரின் அரை மணிநேரப் பாடம் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. ஸ்டியரிங் பிடிக்க இவ்வளவு நாளா என்று தையல்காரம்மாவே கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பயணம் செய்பவர் என்று தீர்மானத்தில் தெளிவாக இருக்கிறது.

ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் மாஸ்டரிடம், “நீங்களும் ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க மாஸ்டர்” என்றார். என் பால்கனிக்கு நேர் கீழேதான் நின்றார்கள். துணி உலர்த்திக்கொண்டிருந்த என் கையில் தலையணை உறை அப்படியே நின்றது. மாஸ்டர் போனை எடுத்து, வண்டிப் புத்தகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பிறகு சத்தமாகப் படித்தார்: “நிலுவை எதுவும் இல்லை.”

மேலே பார்த்துச் சிரித்தார். கூட்டத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவர் சிரித்த முதல் சிரிப்பு.

“பாத்தீங்களாக்கா, என் வண்டி சுத்தம்.”

“ரொம்ப சந்தோஷம் மாஸ்டர்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் பானெட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு உள்ளே போனார்.

சிவப்பில் இருந்தது எப்படிச் சுத்தமானது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு வருகிறேன்.

விபத்து நடந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. டீச்சர் ஓட்டிக்கொண்டிருந்தார். செடி விற்கும் தோட்டத்தை ஒட்டிய வளைவில் பானெட் எழுந்து முன்கண்ணாடி முழுவதையும் மூடியது. மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, மற்றக் கையை டீச்சருக்குக் குறுக்கே நீட்டியிருக்கிறார். கார் உரமண் குவியலில் ஏறி நின்றது. நீட்டிய கையின் மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. டீச்சருக்கு மூக்கு வீங்கியது. பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வளைவில் தினமும் அதே நேரத்துக்குப் பதினொரு பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்பார்கள். அன்றைக்கு வேன் நான்கு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. வேன் டிரைவர் நேரம் தவறுகிறார் என்று நானே முன்பு புகார் எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இந்த விபத்தில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். கையை எதற்குக் குறுக்கே நீட்ட வேண்டும்? டீச்சர் சீட் பெல்ட் போட்டிருந்தாரே.

வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று மாஸ்டரின் பயிற்சி உரிமத்தை முடக்கிவிட்டார்கள். இருபது வருடமாகத் தினம் வண்டியைச் சுற்றி நடந்த மனிதர். உங்கள் பக்கத்தில் நிலுவை இல்லை என்று வந்ததாக அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அப்போதுதான் நீங்கள் உங்கள் கம்பெனியின் பழைய தொலைபேசிப் பதிவுகளைத் தோண்டி, ஒரு பெண் குரலைக் கண்டுபிடித்து, எனக்கே போன் செய்து அதைப் போட்டும் காட்டினீர்கள்.

ஆமாம், அது நான்தான்.

அந்தத் தபால் வந்த அடுத்த வாரம் உங்கள் கம்பெனிப் பெண் என் நம்பருக்கு அழைத்தாள். நான்தான் கட்டத்தில் கொடுத்திருந்தேனே. “பானெட் கொக்கி வேலை பாக்கி இருக்கு மேடம். வண்டி உங்க பேர்லயா?” என்று கேட்டாள்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி என்று சொன்னால் அவள் அவருடைய நம்பரைக் கேட்பாள், அது தீர்மானத்துக்கு விரோதம். ஆகவே யோசித்து ஒரு பதில் சொன்னேன்.

“எங்க வீட்டுக்காரர் பேர்ல.”

என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த வார்த்தை இன்னும் வாய்க்கு வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. வேலை எப்போது செய்துகொள்வார் என்றாள். வெளியூருக்குப் போன இடத்தில் முடித்துவிட்டார் என்றேன். “அப்ப முடிச்சுடறேன் மேடம்” என்று அவள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். வாய் வார்த்தையை நம்பி அப்படி அழுத்தக் கூடாது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது உங்கள் அலுவலக விவகாரம், அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய பேச்சு ஏன் பதினோரு நிமிடம் போனது என்று கேட்டீர்கள். மீதி ஒன்பது நிமிடம் குடும்ப விஷயம். அவர் தூசு பட்டால் தும்முவார், மாத்திரை போட மறந்துவிடுவார், காலையில் வெறும் வயிற்றோடு பாடம் சொல்லப் போய்விடுவார் என்றெல்லாம் சொன்னேன். அவள் நல்ல பெண். “பாத்துக்கோங்க மேடம்” என்றாள். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஆக, குறை இருந்தது எனக்குத் தெரியும். கடிதத்தை வைத்துக்கொண்டேன். வேலை முடிந்தது என்று பொய் சொன்னேன். அந்தக் காரில் ஐந்து மாதம், இருபத்தாறு மாணவர்கள் ஓட்டினார்கள், அவர்களையும் எண்ணினேன். பொறாமை அது இது என்று தையல்காரம்மா சொல்வார், காதில் வாங்காதீர்கள். தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டேன், அவ்வளவுதான். இதை ஒப்புக்கொண்டு எழுதுவதும் மாஸ்டருக்கு உரிமம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றுதான். கிடைத்தால் பள்ளியும் திரும்ப வர வேண்டுமே. தரைத்தள அறையை நான் யாருக்கும் விடவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைக்காரரின் மாப்பிள்ளை போன மாதம் யாரும் எதிர்பாராத நேரத்தில் வீட்டை விட்டுப் போய்விட்டார். தையல்காரம்மா மகன் வீட்டுக்குக் குடிபோனார். மாஸ்டரும் பாட்டு டீச்சரும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கட்டுப்போட்ட கையால் மாஸ்டர் கையெழுத்திட, டீச்சர் தாள் நகராமல் பிடித்துக்கொண்டாராம். அந்த வளைவு இல்லாவிட்டால் இன்னும் பாடமே நடந்துகொண்டிருக்கும் என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். இருவரும் ஊரின் அந்தப் பக்கத்தில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

சாமான் எடுக்க டீச்சர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். புதுக் கார், சாம்பல் நிறம், உங்கள் கம்பெனியுடையதுதான். வழியனுப்பக் கீழே போனேன். இந்தத் தடவை மூக்கு படவில்லை, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு போயிருந்தேன். தினமும் காலையில் டீ குடிக்கும்போது அந்தப் பதினேழு எழுத்தையும் போட்டுப் பார்க்கிறேன். அக்கறைதான், வேறென்ன. இன்று காலை வரை நிலுவை எதுவும் இல்லை. புதுப் பட்டியல் ஒன்றாம் தேதி ஏறும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ஏதாவது வந்தால் உங்கள் ஆட்கள் கூப்பிடட்டும், தொடர்பு எண்ணுக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன்.