சட்டையை மறந்தது யார்?

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் கழகத் தலைவர் ஹோவர்த் அவர்களே, மழையிலும் பனியிலும் கிழக்குப் பக்கம் நின்றபடியே நடுவரைத் திட்டித் தொண்டை வற்றிய பெரியோர்களே, இடைவேளைக்குள் இருநூறு கோப்பைத் தேநீர் ஊற்றித் தரும் தாய்மார்களே! கால்டர்பெக் டவுன் கால்பந்துக் கழகத்தின் துணி துவைப்பவள் டோரீன் டக்ஸ்பரியின் பணிவான வணக்கம்.

என்ன சிரிப்பு? இருபத்தாறு ஆண்டுகள் உங்கள் வீரர்களின் சேற்றை வெளுத்தவள் ஒரு நாள் பேசக் கூடாதா?

நாளை கடைசி ஆட்டம் ஆடப்போகும் நம் நடுக்கள வீரர் கார்ல் ஆர்மரோட் அடித்த கோல்கள் எத்தனை? பதினாறு பருவங்களில் ஒன்பதே ஒன்பது! யாரது பின்னால், "அதுல ஒண்ணு நம்ம வலையிலேயே" என்பது? அது இந்த ஒன்பதில் இல்லை ஐயா, சேர்த்தால் பத்து!

லீக்கின் நான்காம் பிரிவைத் தாண்டி மேலே போகாத கால்கள்தாம். ஆனால், பறிபோன பந்தைப் பாய்ந்து பறித்து வந்த கால்கள் எவை? வெள்ளிக்கிழமை நம்மோடு நின்று மைதானத்தைக் கம்பியால் குத்தி வெள்ளத்தை வடித்துவிட்டு, சனிக்கிழமை அதே சேற்றில் ஆடிய கால்கள் எவை? அந்தக் கால்களுக்குரியவரை நாம் எப்படிப் பாடுகிறோம்? "கார்ல், கார்ல், சட்டை எங்கே கார்ல்?" பத்து ஆண்டுகளாகப் பாடுகிறோம். அவரும் சிரித்துக் கையசைக்கிறார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் விட்மூருக்குப் போய் ஆடிய ஆட்டம் நினைவிருக்கிறதா? அவர்களும் சிவப்பு, நாமும் சிவப்பு. நம் மாற்றுச் சட்டை மஞ்சள். பஸ்ஸில் அந்த மூட்டையே இல்லை. எதிரணியின் பழைய பச்சைச் சட்டையை இரவல் வாங்கி, அவர்கள் சின்னத்தை நம் நெஞ்சில் சுமந்து, நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். அன்றைய பயிற்சியாளர் கொதித்தார்.

"மூட்டையை எவன்யா விட்டுட்டு வந்தது? சொல்லலைன்னா துணி துவைக்கிற அந்தப் பொம்பளை திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம்!"

கதவோரம் நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று கேப்டனாக இருந்த கார்ல் எழுந்தார்.

"நான்தான் பாஸ். கால் நீட்ட இடம் பத்தலைன்னு இறக்கி வச்சேன்."

"கேப்டனாடா நீ? கழட்டு அந்தக் கைப்பட்டையை!"

கழற்றினார். குப்பைக்கூடையில் விழுந்த அது, அவர் கைக்குத் திரும்பவே இல்லை.

பெரியோர்களே, அந்த மூட்டையை அவர் தொடவே இல்லை! என் கணவர் ஃபிராங்க் அந்த வாரம் மருத்துவமனையில். அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்து உலர்த்தும் இயந்திரத்தில் சட்டைகளைப் போட்டேன், எடுக்க மறந்தேன். மறந்தது நான்! பழி சுமந்தது அவர்! பாட்டு வாங்கியது அவர்! சம்பளம் வாங்கியது நான்!

திரும்பும் பஸ்ஸில், "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

"என்னைத் துரத்தினா வேற கிளப் இருக்கு டோரீன். உங்களுக்கு? ஃபிராங்க் காதுல போடாதீங்க. என் சாக்ஸைச் சுருங்காம துவைங்க, அது போதும்."

ஃபிராங்க் பிழைத்து வந்து இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கும் இப்போதுதான் தெரியும். முறைக்காதீங்க, வீட்டில் பேசிக்கொள்வோம்.

கார்ல், வாய்மூடி இருந்த பத்து ஆண்டுகளுக்கு என்னை மன்னியுங்கள். என் வீட்டு அடுப்பு அணையாமல் காத்ததற்கு நன்றி, ஆயிரம் நன்றி! அன்று குப்பைக்கூடையிலிருந்து அந்தக் கைப்பட்டையை எடுத்துத் துவைத்து வைத்திருந்தேன். இதோ! தலைவர் அவர்களே, நாளை ஒரு நாள் இதை அவர் அணியலாமா? தலையசைத்துவிட்டார்! கையை நீட்டுங்கள், கார்ல்.

என்ன அங்கே கிழக்குப் பக்கத்தாரே, அதற்குள் ஆரம்பித்துவிட்டீர்களா? "டோரீன், டோரீன், சட்டை எங்கே டோரீன்?"

பாடுங்கள், நன்றாக உரக்கப் பாடுங்கள்! பத்து ஆண்டுகளாக எனக்கு வந்து சேர வேண்டிய பாட்டு அது. கேட்டுக்கொண்டே இறங்குகிறேன். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்!